வேலையை விட்ட நர்ஸ்களை காசு கொடுத்துத் திரும்ப அழைக்க முடியுமா? விழுப்புரம், திண்டிவனம் கணக்கு என்ன சொல்கிறது?

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ சொந்தக்காரர் வட்டாரத்தில் விசாரித்துப் பாருங்கள். "அவங்க நர்சிங் முடிச்சவங்கதான், இப்போ வீட்ல இருக்காங்க" என்று யாரையாவது கைகாட்டுவார்கள். மூன்று வருஷமோ நான்கு வருஷமோ படித்து, கவுன்சிலில் பதிவு செய்து, ரெண்டு மூன்று வருஷம் வார்டில் நின்று, கல்யாணம் அல்லது முதல் குழந்தையோடு வேலையை விட்டவர்கள். இன்னொரு பக்கம், ஒரு வார்டு முழுக்க ஒரே நர்ஸ் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்காத நோயாளி இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். வீட்டில் இருக்கும் நர்ஸ்களுக்கு ஒரு தொகையைக் கொடுத்து திரும்பக் கூப்பிட்டால் என்ன? பல நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 'திரும்பி வரும் நர்ஸுக்கு இவ்வளவு ரூபாய்' என்று தனித் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் பணத்தைக் காட்டி நர்ஸ்களை அழைத்த அனுபவம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. அது எப்படி முடிந்தது என்பதில்தான் விஷயம்.

முன்னாள் நர்ஸ் என்றால் யார்?

ஓய்வு பெற்றவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். படிப்பும் பதிவும் இருந்தும் வேலையில் இல்லாதவர்களைத்தான் சொல்கிறோம். ஜப்பானில் இவர்களுக்குத் தனிப் பெயரே உண்டு. 'மறைந்திருக்கும் நர்ஸ்கள்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். சுமார் 7 லட்சம் பேர் இருப்பார்கள் என்பது அங்குள்ள மதிப்பீடு. 2015 அக்டோபரிலிருந்து, வேலையை விடும் நர்ஸ் அந்தப் பகுதி நர்ஸ் மையத்துக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தானே கூப்பிட முடியும்?

நம்மிடம் இருப்பது பதிவேடு. அன்றைய சென்னை மாகாணத்தில் 1926-லேயே நர்ஸ்கள், மிட்வைஃப்கள் சட்டம் வந்துவிட்டது. அதன் வழியில் வந்ததுதான் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சில். ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பதால் அவர் வார்டில் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. கல்யாணமாகி ஊர் மாறியவர், வளைகுடா போனவர், ஸ்கூல் டீச்சர் ஆனவர் எல்லோருமே அதில் இருப்பார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இந்திய நர்சிங் கவுன்சில், ஆதாரோடு இணைத்து ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு தனி அடையாள எண் தரும் தேசியப் பதிவு முறையைக் கொண்டுவந்தது.

வெளிநாடுகள் எவ்வளவு கொடுத்தன?

கனடாவின் கியூபெக் மாகாணம் 2021 செப்டம்பரில் ஒரு பெரிய அறிவிப்பை வெளியிட்டது. விட்டுப்போன நர்ஸ் திரும்பி வந்து முழு நேரம் வேலை பார்த்தால் 12 ஆயிரம் கனடா டாலர். ஏற்கனவே முழு நேரம் இருப்பவர்களுக்கு 15 ஆயிரம். இலக்கு 4,300 நர்ஸ்கள். அந்த இலக்கை எட்ட முடியவில்லை. அங்கே நர்ஸ் சங்கம் வருஷக்கணக்கில் சொல்லி வந்த குறை வேறு: ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்கு அனுப்பாமல் கட்டாய ஓவர்டைம் போடுகிறார்கள் என்பது. அதைத் தொடாமல் செக் மட்டும் நீட்டினால், வாங்க ஆள் குறைவாகத்தான் இருக்கும்.

அதே கனடாவின் நோவா ஸ்கோஷியா 2023 மார்ச்சில் இன்னொரு வழியை எடுத்தது. வெளியே போனவர் திரும்பி வந்தால் 10 ஆயிரம் டாலர், ஆனால் இரண்டு வருஷம் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நியூஸிலாந்து 2022-ல் 5 ஆயிரம் நியூஸிலாந்து டாலர் வரை தர முன்வந்தது. இடைவெளி விட்ட நர்ஸ் மறுபடி பதிவுக்கும் பயிற்சிக்கும் செலவழிப்பதைத் தாங்கிப் பிடிப்பதற்கான உதவி அது. பிரிட்டனில் கடந்த 3 ஆண்டில் 450 மணி நேரமாவது நர்ஸாக வேலை பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபயிற்சியோ திறன் தேர்வோ முடித்தால்தான் பதிவு தொடரும். இங்கிலாந்தில் அந்தப் பயிற்சிக்கான கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது.

நம்ம ஊர் நர்ஸ்கள் நிறைய பேர் வேலை பார்க்கும் சிங்கப்பூர் 2024-ல் செய்ததுதான் இதில் கெட்டிக்காரத்தனம். போனவரை அழைப்பதைவிட இருப்பவரை விடாமல் இருப்பது மலிவு என்று கணக்குப் போட்டு, பொதுத் துறையில் நீடிக்கும் நர்ஸுக்கு 20 ஆண்டுகளில் 1 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை தவணை தவணையாகத் தரும் திட்டத்தை அறிவித்தது.

இந்த அவசரத்துக்கெல்லாம் பின்னணி ஒன்று. உலகம் முழுக்க 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. அந்த நாடுகள் தேடும் ஆட்களில் நம்ம பிள்ளைகளும் உண்டு.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி, தேர்வு வைத்து 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை எடுத்தது. பணியிடங்களைப் போல பல மடங்கு பேர் தேர்வு எழுதினார்கள். தனியார் வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு. மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இவ்வளவு குறைந்த சம்பளத்துக்கு ஏன் வந்தார்கள்? இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்புதான் காரணம். உண்மையான ஊக்கத்தொகை அந்த வார்த்தைதான்.

இரண்டு வருஷம் முடிந்தது. பெரும்பாலானவர்களுக்கு நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் சென்னை டி.எம்.எஸ் வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வேலைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு தொகுப்பூதியம் 14 ஆயிரம் ஆனது, 2022-ல் 18 ஆயிரம் ஆனது. நிரந்தரம் மட்டும் காலியிடம் வர வர, சீனியாரிட்டிபடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த போராட்டத்திலும் இதே கோரிக்கைதான்.

நடுவில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் 530 டாக்டர்கள், 1,000 நர்ஸ்கள், 1,508 லேப் டெக்னீஷியன்களை உடனே எடுக்க அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி உத்தரவிட்டார். அந்த மாதம் ஓய்வு பெற வேண்டியவர்களுக்கு இரண்டு மாதம் பணி நீட்டிப்பு தரப்பட்டது. பிறகும் ஆயிரக்கணக்கில் தற்காலிக நர்ஸ்கள் எடுக்கப்பட்டார்கள். 2021 மே மாதம் ஆட்சிக்கு வந்த மு.க.ஸ்டாலின் அரசு, கொரோனா வார்டில் வேலை பார்த்த நர்ஸ்களுக்கு 20 ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. அதே மாதம் மத்திய அரசும் ஒரு வாக்குறுதி தந்தது. 100 நாள் கொரோனா பணி முடித்தவர்களுக்கு அரசு வேலைகளில் முன்னுரிமை என்றது.

அப்படி வந்தவர்களில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லப்பட்டது. புத்தாண்டு பிறந்ததே போராட்டத்தில்தான். அவசரத்தில் எடுக்கப்பட்ட தற்காலிகப் பணி, இட ஒதுக்கீட்டு முறை பின்பற்றப்படவில்லை, அதனால் நீட்டிக்க முடியாது என்பது அரசுத் தரப்பு விளக்கம். மாவட்ட நல்வாழ்வு சங்கம் மூலமாக 18 ஆயிரம் சம்பளத்தில் மாற்று வேலை தருவதாகவும் சொன்னது. சட்டப்படி அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் நோய் பரவிய நேரத்தில் வீட்டை விட்டு வந்தவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? அடுத்த முறை 'வாங்க, காசு தர்றோம்' என்று கூப்பிட்டால், முதலில் "எத்தனை மாசத்துக்கு?" என்றுதான் கேட்பார்கள்.

திண்டிவனத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கு

இனி ஒரு உதாரணம். நிஜ நபர் இல்லை, கணக்குக்காக மட்டும். திண்டிவனத்தில் 36 வயதுப் பெண். டிப்ளமோ நர்சிங் முடித்தவர், எட்டு வருஷமாக வேலையில் இல்லை. இரண்டு குழந்தைகள். கணவருக்கு மாதம் 12 ஆயிரம் வருமானம். முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 18 ஆயிரம் சம்பளத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர். மகளிருக்கான இலவசப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான். இந்த ரூட்டில் அவர் ஏறப்போவது வெளியூர் பஸ். போக வர 60 ரூபாய் என்று வைத்தாலும் 26 நாளுக்கு 1,560 ரூபாய். சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அல்லது பிளே ஸ்கூல், குறைத்துப் போட்டாலும் 4 ஆயிரம்.

அடுத்தது பலரும் யோசிக்காதது. கலைஞர் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் பெற, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதுவரை கணவரின் வருமானம் மட்டும் வருஷத்துக்கு 1 லட்சத்து 44 ஆயிரம். நர்ஸ் சம்பளமாக 2 லட்சத்து 16 ஆயிரம் சேர்ந்தால் 3 லட்சத்து 60 ஆயிரம். தகுதி வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆக, வேலைக்குப் போவதாலேயே அந்த 1,000 ரூபாயும் போகலாம்.

18 ஆயிரத்தில் இதையெல்லாம் கழித்தால் கையில் நிற்பது 11,440 ரூபாய். நைட் டியூட்டி நாளில் ஆட்டோ, வெளியே சாப்பாடு எல்லாம் இதில் சேர்க்கவில்லை. திண்டிவனத்திலேயே நடந்து போகும் தூரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பகல் ஷிஃப்ட் மட்டும் என்று 10 ஆயிரம் கொடுத்தால், பல பேர் அதையே எடுப்பார்கள். "வேணாம், புள்ளைங்க வளரட்டும்" என்று இரண்டையும் விடுபவர்களும் உண்டு. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

இப்போது அரசு இவருக்கு 25 ஆயிரம் ரூபாய் 'திரும்பி வா' போனஸ் தருகிறது, இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்கிறது என்று வைப்போம். 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,041 ரூபாய். உரிமைத்தொகையில் போனது திரும்பி வந்ததோடு சரி. கேட்கும்போது பெரிய தொகைதான், வகுத்துப் பார்த்தால் பஸ் காசுக்குக்கூட போதவில்லை.

தனியார் மருத்துவமனை ஏன் அதிகம் தரக்கூடாது?

தரச் சொல்லி ஒரு பரிந்துரை இருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் நர்ஸ் சம்பளம் மாநில அரசு நர்ஸுக்கு இணையாக இருக்க வேண்டும், 100-க்கு மேல் இருந்தால் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்கு மேல் இருந்தால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்குக் கீழே இருந்தாலும் 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்றது அந்தக் குழு. கேரளா 2018 ஏப்ரலில் 20 ஆயிரம் ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாகவே அறிவித்தது. அதற்கும் நர்ஸ்கள் நீண்ட போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அந்தத் தொகை கட்டாயமாகவில்லை.

திண்டிவனம் மாதிரி ஊர்களில் இருக்கும் நர்சிங் ஹோம்களில் பல, 50 படுக்கைக்குள் வருபவை. டாக்டர் தம்பதி நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிக்கு 20 ஆயிரம் வீதம் ஆறு நர்ஸ் என்பது பெரிய செலவு என்பதும் நிஜம்தான். அதனால் புதிதாகப் படித்து வரும் பெண்களைக் குறைந்த சம்பளத்தில் எடுப்பது, ஒரு வருஷத்தில் அவர்கள் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போவது, மறுபடி புது ஆள் எடுப்பது என்றே ஓடுகிறது. ரெண்டு ஊருக்கும் சுமார் 40 கிலோமீட்டரில் ஜிப்மர் இருக்கிறது. மத்திய அரசு நர்சிங் ஆபீசருக்கு அடிப்படைச் சம்பளம் மட்டுமே 44,900 ரூபாய். அந்தப் பக்கம் கண் போகாமல் இருக்குமா?

நர்ஸ் பற்றாக்குறையா, போஸ்டிங் பற்றாக்குறையா?

கனடாவையும் நம்மையும் ஒரே தராசில் வைக்க முடியாத இடம் இதுதான். அங்கே இடம் காலி, ஆள் இல்லை. இங்கே ஒவ்வொரு அறிவிப்புக்கும் கூட்டம் வருகிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அந்தக் கணக்கில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிவிட்டு, அதற்கும் ஆள் வரவில்லை என்றால் போனஸ் பற்றிப் பேசலாம். பணியிடமே உருவாக்காமல் போனஸ் மட்டும் அறிவிப்பது வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டுவது மாதிரி.

ஆனாலும் திரும்பி வரும் நர்ஸ்களுக்கு இந்த மாவட்டத்தில் தனித் தேவை உண்டு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ரெண்டு ஊர் வழியாகவும் போகிறது, விபத்து நேரம் பார்த்து நடப்பதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில், சாலை துண்டிக்கப்பட்ட ஊருக்குள்ளேயே பதிவு பெற்ற நர்ஸ் யார் யார் என்று தெரிந்தால் எவ்வளவு உதவி? ஜப்பான் மாதிரி ஒரு பட்டியல் வைத்திருக்க பெரிய செலவு ஆகாது.

பணம் தவிர வேறு என்ன தரலாம்?

உதாரணம் வேறு துறையில் இருக்கிறது. மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் போலீஸாருக்கு, பெற்றோர் அல்லது கணவர் வீடு இருக்கும் ஊரிலேயே 3 ஆண்டு பணி என்று 2024 ஆகஸ்டில் முதல்வர் அறிவித்தார். திண்டிவனம் நர்ஸுக்கு முண்டியம்பாக்கத்துக்குப் பதில் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இடம் கொடுத்தால், மேலே போட்ட கணக்கில் 1,560 ரூபாய் அப்படியே மிச்சம். அரசுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

குழந்தைக் காப்பகம் அடுத்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டத்திலேயே சொல்லப்பட்டது. மருத்துவமனையில் அது ராத்திரியும் திறந்திருந்தால்தான் பிரயோஜனம். கான்ட்ராக்ட் நர்ஸ்களுக்கும் இந்தச் சட்டத்தின்படி மகப்பேறு சலுகை உண்டு என்று எம்.ஆர்.பி நர்ஸ்கள் சங்கம் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நிரந்தர அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருஷ மகப்பேறு விடுப்பு. ஒரே வார்டில், ஒரே வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் நர்ஸ் அடிப்படைச் சலுகைக்கே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேலையை விட்டவர்கள் எந்த இடத்தில் விட்டார்கள் என்பது புரியும்.

திரும்பி வர நினைக்கிறீர்களா? இதைப் பாருங்கள்

முதலில் வயது. மாவட்ட நல்வாழ்வு சங்கங்கள் வெளியிட்ட ஸ்டாஃப் நர்ஸ் அறிவிப்புகளில் 50 வயதுக்குள் என்ற வரம்புதான் வழக்கமாக இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் 'இனிமே எங்கே' என்று ஒதுங்கத் தேவையில்லை. எம்.ஆர்.பி தேர்வுக்கு வயது விதி தனி. ஒவ்வொரு அறிவிப்பிலும் பிரிவுவாரியாகக் கொடுத்திருப்பார்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலம் போவதற்கும் சமீபத்திய அனுபவம்தான் கேட்பார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய சர்டிஃபிகேட் அங்கே எடுபடாது. அதனால் உள்ளூரில் ஒரு வருஷமாவது வார்டில் இருந்துவிட்டு விண்ணப்பிப்பதே வழி. மருத்துவமனைகளுக்கும் இது தெரியும், அதனால்தான் இன்டர்வியூவில் "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்கிறார்கள்.

கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஐ.வி போடுவது ரெண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடும். மாறியிருப்பது கம்ப்யூட்டர் பதிவும், புது மருந்துகளும், தொற்றுக் கட்டுப்பாட்டு விதிகளும். சேரும் இடத்தில் ஒரு மாதம் சீனியரோடு டியூட்டி போடச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கவுன்சில் பதிவு. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர் கல்வி நேரமும் கணக்கில் வரும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் வழிமுறை. கல்யாணத்துக்குப் பிறகு பெயரோ இனிஷியலோ மாறியிருந்தால் ஆதாரும் சர்டிஃபிகேட்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், பல பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான். மாவட்ட இணையதளத்தில் வேலை அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு. பதிவைச் சரிசெய்ய அதைவிட அதிக நாள் ஆகலாம். அதனால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் அந்த வேலையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.